சிவக்காத செடிக்கு இத்தனை விலையா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹோலி ஷெல்டர் என்று ஒரு காடு இருக்கிறது. 2015 ஜனவரியில் அங்கே நான்கு பேர் பிடிபட்டார்கள். அவர்களிடம் இருந்தது மானும் இல்லை, முயலும் இல்லை. 970 செடிகள். அத்தனையும் வீனஸ் ஃப்ளைட்ராப். ஈ வந்து உட்கார்ந்தால் இலையை டப்பென்று மூடிக்கொள்ளுமே, டிஸ்கவரி சேனலில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், அதே செடிதான். உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. வில்மிங்டன் நகரத்தைச் சுற்றி இரண்டு கரோலினா மாநிலங்களிலும் பரவியிருக்கும் ஒரு சின்ன வட்டாரம்தான் அதன் சொந்த ஊர். காட்டிலிருந்து அதைத் திருடுவது கடுங்குற்றம் என்று 2014 டிசம்பர் 1 முதல் அந்தப் பகுதியில் சட்டம் வந்தது. சட்டம் வந்த அடுத்த மாதமே இந்தக் கைது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பூச்சி தின்னும் செடிகளைச் சேகரிக்கும் கனவான்கள் 'உச்' கொட்டுவார்கள். "பாவிகள், காசுக்காகக் காட்டையே சுரண்டுகிறார்கள்" என்பார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு விஷயம். காட்டில் குனிந்து தோண்டுகிறவனுக்கு ஒரு செடிக்குக் கிடைப்பது சில்லறைக் காசு. அதே வகைச் செடியில் ஒன்று சிவக்காமல் பச்சையாகவே இருந்துவிட்டால், அல்லது அளவுக்கு மேல் சிவந்துவிட்டால், அதற்குப் பல மடங்கு விலை கொடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "என்னைத் தவிர நாலு பேரிடம்தான் இருக்கிறது" என்று மகிழ்கிறவர்கள் யார்? அந்த 'நாலு பேர்' என்ற கணக்குதான் பிரச்சினையே. அரிதாக இருப்பதற்காக ஒரு செடியை விரும்புகிறவன், அது அரிதாகவே இருக்க வேண்டும் என்றுதான் விரும்புவான். இதைப் பாதுகாப்பு என்று வேறு சொல்லிக்கொள்வதுதான் தாங்கவில்லை.

முதலில் செடிகளைப் பற்றிக் கொஞ்சம். நெப்பந்தஸ், ட்ரோசிரா, யூட்ரிகுலேரியா என்று மூன்று பெயரை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியதோடு நம்மில் பலருக்கு இந்தச் சங்காத்தம் முடிந்துவிடும். சேகரிப்பாளர்களின் உலகம் அதைவிடப் பெரியது. ஃப்ளைட்ராப்புக்கு அடுத்து அவர்கள் கொண்டாடுவது சாரசீனியா. வட அமெரிக்காவின் ஜாடிச் செடி. நம்ம ஊர்ப் புத்தகத்தில் படம் போடுகிற நெப்பந்தஸ் மாதிரி இலை நுனியில் ஜாடி தொங்காது. இலையே ஒரு நீண்ட புனலாக மாறி, சதுப்பு நிலத்தில் நேராக எழுந்து நிற்கும். அலபாமா, ஃபுளோரிடா பக்கம் மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டிய பைன் காடுகளில் சாரசீனியா லூகோஃபில்லா என்று ஒரு இனம் இருக்கிறது. புனலின் மேல் பாதி வெள்ளை வெளேர் என்றிருக்கும், அதன் மேல் சிவப்பு நரம்புகள் ஓடும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பூங்கொத்து வியாபாரத்துக்காகவே காட்டிலிருந்து அதை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு.

இந்தச் சிவப்பைக் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. மாதுளை, கத்திரிக்காய்த் தோல், புதிதாக விட்ட மாந்தளிர் எல்லாவற்றிலும் இருப்பது இதே நிறமிக் குடும்பம்தான். செடி அதைப் பல படிகளில் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. இந்த வரிசையில் ஒரே ஒரு மரபணு பழுதாகிப் போனால் போதும், சிவப்பு வராது. செடி முழுக்கப் பச்சை, பூ மட்டும் மஞ்சள். இதுதான் சேகரிப்பாளர்கள் உயிரை விடுகிற 'ஆந்தோசயனின் அற்ற' வடிவம். சாரசீனியாவில் இந்தச் சடுதி மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்று ஃபில் ஷெரிடன் என்ற ஆய்வாளர் 1998இல் வெளியிட்டார். இந்தப் பச்சைச் செடிகளில் அதே தயாரிப்பு வரிசையிலிருந்து பிரிந்து உருவாகும் நிறமற்ற டானின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. ஆகவே தொழிற்சாலை முழுவதும் மூடப்படவில்லை, கடைசிப் பக்கம் எங்கோதான் அடைப்பு. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, இது மெண்டலின் பட்டாணிக் கணக்குப்படி நடக்கும் ஓர் ஒடுங்கு பண்பு என்பது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விலைக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒடுங்கு பண்பு என்றால், பச்சையாகத் தெரியும் செடியிடம் இரண்டு பிரதிகளுமே பழுதானவை. அதன் மகரந்தத்தை அதற்கே சேர்த்தால் வருகிற விதை அத்தனையும் பச்சை. ஒன்றுகூடச் சிவக்காது. ஒரு சாரசீனியா பூ நன்றாகக் கருவுற்றால் நூற்றுக்கணக்கில் விதை தரும். நான்கைந்து வருடப் பொறுமை இருந்தால் ஒரு செடி நூறு செடி ஆகும். ஃப்ளைட்ராப்பைத் திசு வளர்ப்பில் போட்டால் அவ்வளவு காலம்கூட வேண்டாம். ஆக, பச்சை சாரசீனியா அரிதாக இருப்பதற்கு உயிரியலில் எந்தக் காரணமும் இல்லை. வைத்திருப்பவர் விதையைக் கொடுக்காமல் இருப்பதுதான் காரணம். பூ வந்தவுடன் கிள்ளி எறிந்துவிட்டு, வருடத்துக்கு ஒரே ஒரு கிழங்குத் துண்டை ஏலம் விட்டால் விலை நிற்கும். அரிசி மூட்டையைக் கிடங்கில் பூட்டி வைத்து விலை ஏற்றுகிறவனை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? பதுக்கல்காரன். பூச்சி தின்னும் செடி என்றால் மட்டும் அவர் 'தீவிர ஆர்வலர்' ஆகிவிடுகிறார்!

சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில்களில் பெரியது, "நாங்கள் எடுக்காவிட்டால் அது அழிந்திருக்கும்" என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில சமயம் உண்மையும்கூட. நாளைக்கு புல்டோசர் வரப்போகிற சதுப்பிலிருந்து அனுமதி வாங்கிச் செடியை மீட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. வளைகுடாக் கரையின் ஜாடிச்செடிச் சதுப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது என்பதும் உண்மை. நீள் இலைப் பைன் காடு ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரப்பில் இருந்தது. இன்று அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் மிச்சம். மரம் வெட்டினார்கள், வடிகால் வெட்டினார்கள், வீடு கட்டினார்கள். இதெல்லாம் போதாதென்று காட்டுத் தீயை அணைத்தார்கள். தீயை அணைப்பது நல்லதுதானே என்று தோன்றும். இங்கே இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை தரையோடு தீ ஓடினால்தான் புதர்கள் கருகி ஜாடிச் செடிகளுக்கு வெயில் கிடைக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் அது பிழைத்து மறுபடி துளிர்க்கும். தீ வராத சதுப்பில் புதர் மூடிக்கொண்டு செடி மெல்ல மெல்லச் சாகும்.

சரி, இத்தனையும் தெரிந்த சேகரிப்பாளர் அந்தச் சதுப்பில் என்ன செய்கிறார்? பத்தாயிரம் சிவப்புச் செடிகளுக்கு நடுவே நிற்கும் ஒரே பச்சைச் செடியைத் தேடுகிறார். அதை எடுத்துக்கொண்டு வந்து 'காப்பாற்றிவிட்டேன்' என்கிறார்.

பிளஸ் டூவில் ஹார்டி வைன்பெர்க் விதி படித்தவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரத்தில் ஒரு செடி பச்சை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், பழுதான மரபணுவின் பங்கு நூற்றில் ஒன்று. அப்படியானால் ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது என்று வைத்திருக்கும் செடிகள் ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒன்று. பத்தாயிரத்தில் சுமார் இருநூறு. இந்த இருநூறும் பார்வைக்குச் சிவப்பு. பக்கத்துச் செடியிலிருந்து கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சதுப்பில் பச்சை நிறம் என்கிற சொத்து உண்மையில் இருப்பது இவைகளிடம்தான். ஒற்றைப் பச்சைச் செடி அந்தச் சொத்தில் நூறில் ஒரு பங்கை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதைத் தோண்டி எடுத்தவர் மரபணுவைக் காப்பாற்றவில்லை, வேடிக்கைப் பொருளை எடுத்து வந்திருக்கிறார். சதுப்பு வற்றினால் அந்த இருநூறும் சத்தமில்லாமல் போகும். அவற்றை யாரும் படம் எடுத்ததும் இல்லை, பெயர் வைத்ததும் இல்லை, விலை கேட்டதும் இல்லை.

தொட்டியில் இருக்கும் ஒற்றைச் செடியை எத்தனை துண்டாகப் பிரித்தாலும் அது ஒரே செடிதான். 'ஏட்ரியன் ஸ்லாக்' என்று ஒரு புகழ்பெற்ற சாரசீனியா கலப்பு ரகம் இருக்கிறது. வெள்ளைப் புனலில் ரத்தச் சிவப்பு மூடி. இந்தச் செடிகளைப் பற்றி நல்ல புத்தகங்கள் எழுதிய ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகில் எத்தனை கண்ணாடி வீட்டில் அது இருந்தாலும், எல்லாம் காட்டில் கிடைத்த ஒரே செடியின் துண்டுகள். அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஆளின் ஆயிரம் போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு ஊரைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் விஞ்ஞானம் பூசியது. சிவப்புதான் பூச்சியை இழுக்கிறது, சிவப்பில்லாத செடி காட்டில் பட்டினி கிடந்து சாகும், ஆகவே மனிதன்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். சிவப்பு பூச்சியை இழுக்கிறதா என்பதே தீராத வழக்கு. 2008இல் ஷேஃபரும் ரக்ஸ்டனும் நெப்பந்தஸ் ஜாடிகளில் சோதனை செய்து, சிவப்பு பூசினால் பூச்சி அதிகம் விழுகிறது என்றார்கள். மறு வருடமே பென்னட், எலிசன் இருவரும் சாரசீனியாவை வைத்துச் சோதித்து, இழுப்பது நிறம் அல்ல, தேன்தான் போலிருக்கிறது என்றார்கள். 2014இல் ட்ரோசிராவில் செய்த சோதனையிலும் சிவப்புக்குப் பூச்சியை இழுக்கும் வேலை இல்லை என்றே வந்தது. இதெல்லாம் இருக்கட்டும். சாரசீனியா பர்பூரியாவின் பச்சை வடிவத்துக்கு அமோஸ் ஈட்டன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பெயர் வைத்தது 1822இல். இருநூறு வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் வடக்குச் சதுப்புகளில் அது இன்னமும் யார் உதவியும் இல்லாமல் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

இனி சிவப்புப் பைத்தியத்துக்கு வரலாம். இங்கே கதை வேறு. ஃப்ளைட்ராப்பில் 'அகாய் ர்யூ' என்று ஒரு ரகம். ஜப்பானிய மொழியில் சிவப்பு டிராகன் என்று பொருள். பொறி மட்டும் இல்லாமல் இலைக் காம்பு உட்பட முழுச் செடியும் கருஞ்சிவப்பு. அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் ரான் காக்லியார்டோ உருவாக்கி 1996இல் பெயரிட்டது. காட்டில் தோண்டி எடுத்ததல்ல, வளர்ப்பில் வந்தது. பிறகு திசு வளர்ப்புக் கூடங்களுக்குப் போய், இன்றைக்குச் சாதாரண நர்சரியில் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. விலை இறங்கியதால் அது அழகில் குறைந்துவிட்டதா? சிவப்பு வெளுத்துவிட்டதா? ஒன்றும் இல்லை. ஆனால் 'தீவிர ஆர்வலர்' அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் எல்லாம் வாங்கிவிட்டார்களாம். அவருக்கு வேண்டியது செடி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அவருக்காகவே அடுத்த சரக்கு வரும். ஹார்மோன் கலந்த ஊடகத்தில் வளரும்போது திசு வளர்ப்புக் குப்பிகளில் சில செடிகள் கோணல்மாணலாகப் பிறக்கும். பல் ஒட்டிப்போனது, பொறியே மூடாதது, இலை குவளை மாதிரி சுருண்டது. இவற்றுக்கும் பெயர், இவற்றுக்கும் கூட்டம். பூச்சியைப் பிடிக்கவே முடியாத பூச்சிப்பொறியை அதிக விலைக்கு வாங்குகிற ஒரே உயிரினம் மனிதன்தான் :-)

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். இந்தச் செடிகளில் சிவப்பு என்பது மரபணு மட்டும் கொடுப்பதில்லை, வெயிலும் கொடுக்கிறது. ஒரே செடியை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சிவந்து நிற்கும், ஜன்னலோர நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும். கடும் வெளிச்சத்தில் வளர்த்துப் படம் எடுத்து, படத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றி, 'அரிய சிவப்பு வடிவம்' என்று விற்றால் வாங்குகிறவர் வீட்டில் இரண்டு மாதத்தில் சாயம் வெளுக்கும். அப்போது "உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று பதில் வரும். இலையில் வெள்ளைக் கோடு விழுந்த செடிகள் இன்னும் மோசம். அந்தக் கோடு மரபணுவால் வந்ததா, நோயால் வந்ததா, அடுத்த இலையில் இருக்குமா என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஹாலந்தில் 1637இல் கவிழ்ந்த துலிப் பித்து ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மக்கள் வீட்டு விலை கொடுத்து வாங்கிய கோடு போட்ட துலிப் பூக்களின் அழகுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது 1920களின் கடைசியில்தான் தெரிந்தது. கோடு போடுகிற அதே வைரஸ் கிழங்கையும் பலவீனமாக்கியது. அதனால் கிழங்கு மெதுவாகப் பெருகியது, அதனால் விலை இன்னும் ஏறியது!

ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். பத்து வருடம் விதை போட்டு, ஆயிரம் நாற்றில் ஒன்றைப் பொறுக்கி, அதைத் தேற்றி, பன்னாட்டுப் பூச்சியுண்ணும் தாவரச் சங்கத்தில் முறைப்படி பெயர் பதிந்து வெளியிடுகிறவர் உழைத்திருக்கிறார். அந்த உழைப்புக்கு முதல் சில வருடம் நல்ல விலை கிடைப்பதில் தப்பே இல்லை. மல்லிகை நாற்று விற்கிறவர் சும்மாவா கொடுக்கிறார்? ஆனால் காட்டில் தற்செயலாக முளைத்த பச்சைச் செடியில் எவருடைய உழைப்பு இருக்கிறது? அந்தச் செடியோடு வரும் சீட்டில் எந்தச் சதுப்பு, எந்த மாவட்டம் என்று எழுதியிருந்தால் விலை ஏறும். 'இடப் பெயர்' உள்ள செடிக்குத் தனி மரியாதை. ஆய்வாளருக்கு அந்த விவரம் தேவை, சந்தேகமில்லை. சந்தையில் அதே விவரம் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை. எந்தச் சதுப்பில் அபூர்வம் இருக்கிறது என்று விலைப் பட்டியலே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

சாரசீனியாவில் மூன்று வகைகள் அமெரிக்கச் சட்டத்தின் அழியும் நிலைப் பட்டியலில் இருக்கின்றன. ஓரியோஃபில்லா 1979இல் சேர்ந்தது, ஜோன்ஸியை 1988இல், அலபாமென்சிஸ் 1989இல். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்திலும் மூன்றும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. இவற்றில் ஜோன்ஸியை கரோலினா மலைப் பகுதிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சதுப்புகளில்தான் மிச்சம். அதற்கும் பச்சை வடிவம் உண்டு, அதற்கும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. விரல்விட்டு எண்ணக்கூடிய சதுப்புகளில் ஒன்றில் இரவோடு இரவாக ஒருவன் மண்வெட்டியோடு இறங்கினால் என்ன மிஞ்சும்?

"விலையைக் குறைத்தால் திருட்டு நின்றுவிடுமா? ஃப்ளைட்ராப் மலிவுதானே, அப்புறமும் ஏன் 970 செடி போனது?" என்று கேட்பார்கள். இதுதான் அவர்களிடம் இருக்கும் நல்ல கேள்வி. தட்டிக் கழிக்க முடியாது. சாதாரண ஃப்ளைட்ராப்பைத் திருடுவது வேறு பொருளாதாரம். கூடத்தில் வளர்க்கவும் செலவு, கண்ணாடி வீட்டுக்கும் செலவு. காட்டில் எடுப்பவனுக்கு முதலே வேண்டாம். ஒரு ராத்திரியில் ஆயிரம் செடி அள்ளினால் சில்லறையும் கூடித் தொகையாகும். அங்கே சட்டமும் காவலும்தான் வேலை செய்ய வேண்டும், மொத்தமாக வாங்குகிறவனிடம் எங்கிருந்து வந்தது என்று கணக்குக் கேட்க வேண்டும். அபூர்வ நிறச் செடியின் கதை அப்படி இல்லை. அங்கே ஒரே ஒரு செடிக்காக ஒருவன் சதுப்பில் இறங்குகிறான். அந்த ஒரு செடியின் விலை விழுந்துவிட்டால் அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

இது நடந்தும் இருக்கிறது. போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜா, உலகின் மிகப் பெரிய ஜாடிகளில் ஒன்றைக் கொண்டது. ஒரு காலத்தில் காட்டுச் செடிக்காக அலைந்தார்கள். 1981இல் சைட்டீஸ் முதல் பட்டியலில் ஏறியது. திசு வளர்ப்பில் வந்த கன்றுகள் சந்தைக்கு வந்ததும் விலை இறங்கியது, மலையில் போய்ப் பிடுங்க வேண்டிய அவசியமும் குறைந்தது. இந்த மாதிரிக் கன்றுகளை உலகத்துக்கு அனுப்பும் பெரிய பண்ணைகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கையில் இயங்கும் போர்னியோ எக்ஸாட்டிக்ஸ். அதே இலங்கையின் ஈரமான தென்மேற்குக் காடுகளில் அந்த நாட்டுக்கே உரிய நெப்பந்தஸ் டிஸ்டிலாடோரியா வளர்கிறது. லின்னேயஸ் நெப்பந்தஸ் என்ற பெயரை முதலில் வைத்ததே அந்தக் கொடிக்குத்தான். அதில் பச்சை ஜாடியும் உண்டு, சிவப்பு ஜாடியும் உண்டு. அங்கே அது பழுதும் இல்லை, அபூர்வமும் இல்லை. மனிதர்களில் மாநிறமும் கறுப்பும் இருப்பது மாதிரி.

அட்லாண்டா தாவரவியல் பூங்காவை மேலே பார்த்தோம், சிவப்பு டிராகனைப் பெற்றெடுத்த இடம். அதே பூங்காதான் பல வருடங்களாக அருகிப்போன சாரசீனியாக்களின் சதுப்புகளை மீட்கிற வேலையும் செய்கிறது. புதரை வெட்டி, வடிகாலை அடைத்து, விதையிலிருந்து வளர்த்த நாற்றை நட்டு. சேற்றில் முட்டி வரை நின்று செய்கிற வேலை அது. அதற்குப் படம் எடுத்துப் போட்டால் ஏலத்தில் யாரும் கை தூக்கப் போவதில்லை.

ஃப்ளைட்ராப்பிலும் சிவக்காத ஒன்று உண்டு. எவ்வளவு வெயிலில் வைத்தாலும் பொறியின் உட்புறம் பச்சையாகவே இருக்கும். அதன் பெயர் 'ஜஸ்டினா டேவிஸ்'. பெயருக்குப் பின்னால் ஒரு கதை. ஃப்ளைட்ராப்பைப் பற்றி முதன்முதலில் எழுதி வைத்தவர் வட கரோலினாவின் அன்றைய ஆளுநர் ஆர்தர் டாப்ஸ். அவர் 1762இல் தன் 73ஆவது வயதில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு வயது 15. அவள்தான் ஜஸ்டினா டேவிஸ். அரியது, இளையது, பச்சையானது எதுவாக இருந்தாலும் தனக்கே வேண்டும் என்ற குணம் அந்தச் செடியின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது போலும்.

இப்போது ஒரு பச்சை சாரசீனியாவைக் கண்ணாடி வீட்டில் பூட்டி வைத்திருக்கும் யாருக்கும் வழி ஒன்றும் கஷ்டமானதல்ல. அழியும் பட்டியலில் உள்ள வகையாக இருந்தால் அதற்குரிய அனுமதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றவற்றுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. வசந்தத்தில் பூ வரும். குடை கவிழ்த்த மாதிரி இருக்கும் அந்தப் பூவின் உள்ளே ஒரு சின்ன பிரஷ்ஷை விட்டு மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் காய் வெடிக்கும். விதையை ஒரு காகித உறையில் போட்டு, மேலே இனத்தின் பெயரை மட்டும் எழுதி, சதுப்பின் பெயரை எழுதாமல், பன்னாட்டுச் சங்கத்தின் விதை வங்கிக்கு அனுப்பலாம். ஈரப் பாசி மேல் தூவி ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ குளிரில் வைத்தால் முளைக்கும். நாலைந்து வருடத்தில் எங்கோ ஒரு பள்ளிக்கூடப் பையனின் ஜன்னலில் அதே பச்சைப் புனல், அதே மஞ்சள் பூ. அவனுக்கு அது அபூர்வம் என்றே தெரியாது.